விளிம்பில் பிடிக்கவும்

கல்முனை பஸ் தரிப்புக்குப் பின்னால்
போன் திருத்தும் கடையில் அரைவாசி என்னுடையது.
மற்ற அரைவாசியில் றிஸ்கான்
உடைந்த திரைகளைச் சூடு காட்டிப் பிரிக்கிறான்.
இரண்டு பேருக்கும் ஒரே விளக்கு.

நாணயத்தைப் பார்க்குமுன் கையைக் கழுவ வேண்டும்.
சோறு தின்ற விரல்
ஒரு மாதம் கழித்துச் செம்பின்மேல்
ரேகையாய் எழும்பி வரும், அழியாது.
பிறகு விளிம்பில் பிடித்து
மெல்லச் சாய்க்க வேண்டும்,
தேத்தண்ணிக் கோப்பைக்குள் எறும்பு கிடக்கிறதா
என்று பார்க்கிற அந்தச் சாய்வு.

விக்டோரியா என்றால்
காதுக்கு மேலே மயிர். முதலில் தேய்வது அங்குதான்.
ஐந்து இழை எண்ண முடிந்தால் மிக நன்று.
மூன்று, நன்று.
எல்லாம் ஒரே வழுக்கையென்றால்
சுமார் என்று சொல்லிச் சிரிப்போம்.
மறுபக்கம் தாளிப்பனை, ஓலை நுனிகள்.
பக்கத்தில் தமிழ் எழுத்து;
வளைவுகள் அடைபட்டிருந்தால் ஒரு படி இறக்கு.

போன வைகாசியில், கரண்ட் இல்லாத ஒரு பகல்,
பாண்டிருப்பிலிருந்து யோகமலர் வந்தாள்.
பிஸ்கட் டின்னில் பதினேழு சதம்.
டின்னின் உட்புறத்தில் ஒரு துருக்கோடு,
தண்ணி நின்ற உயரம்.
எந்தத் தண்ணி என்று இந்தக் கரையில் யாரும் கேட்பதில்லை.

பதினாறையும் புளி போட்டுத் துலக்கியிருந்தாள்.
“விக்கிறதுக்கு எண்டு மினுக்கினன்.”
துலக்கிய செம்பு
தோல் உரிந்த முழங்காலைப் போல ரோஸ் நிறம்.
அதற்குப் படி கிடையாது, நிறை மட்டும்தான்
என்று நான் சொல்லச் சொல்ல
அவளுடைய கைகள் மேசைக்குக் கீழே போயின.

பதினேழாவது மூடியின் மடிப்பில் ஒட்டிக் கிடந்ததால்
புளிக்குத் தப்பியது.
ஆயிரத்துத் தொளாயிரத்து ஒன்று.
கித்துள் பாணியின் நிறம்,
எழுத்துகளின் வேரில் இன்னும் கொஞ்சம் சிவப்பு.
ஐந்து எண்ணினேன்.
“மூண்டு” என்றேன்.
தொளாயிரம் சொல்லி ஆயிரமாக்கிக் கொடுத்தேன்.
அந்த நூறு ரூபாயை
இரவு முழுக்க ஈகை என்று நினைத்தேன்.

ஆவணியில் திரும்பவும் வந்தாள்,
என்னிடம் அல்ல. போன் விழுந்து உடைந்திருந்தது.
றிஸ்கான் பிரிக்கும்வரை நிற்க இடமில்லாமல்
என் கண்ணாடிப் பெட்டிமேல் சாய்ந்தாள்.
உள்ளே, என் கையெழுத்தில்:
1901. மிக நன்று. ஐந்து இழை. ரூபா 6,500.

“இது என்ட சதமெல்லோ?”
நான் பேசவில்லை.
“அண்டைக்கு மூண்டு எண்டீங்க.”
“அண்டைக்கு கரண்ட் இல்ல கா.”
“கரண்ட் இல்லாட்டி ரெண்டு மயிர் கொட்டுமா?”

றிஸ்கான் சூட்டுக்குழலை நிறுத்திவிட்டுச் சிரித்தான்.
அவள் சிரிக்கவில்லை. கத்தவுமில்லை.
“அந்தக் கண்ணாடியத் தாங்க.”

விளிம்பில் பிடிக்கச் சொன்னேன்.
உதடு அசைய எண்ணினாள்,
திருப்பிச் சாய்த்து, திருப்பி எண்ணினாள்.
“நாலு” என்றாள்.
“அஞ்சாவது மயிரில்ல, கீறல்.”

வாங்கிப் பார்த்தேன்.
கீறல்தான்.
மற்ற நாலும் காதை நோக்கி வளைய
அது மட்டும் நேரே ஓடிற்று,
யாரோ சாவியோடு சேர்த்துப்
பையில் போட்டுக்கொண்டு நடந்த ஒரு நாள்.
வாங்கிய கண்ணுக்கு மூன்று,
விற்கிற கண்ணுக்கு ஐந்து.
நடுவில் இருந்த இலக்கம்
மூன்று மாதமாய் என் பெட்டிக்குள்தான் கிடந்திருக்கிறது.
அவளுக்கோ அது ஐந்தாக இருந்தால்தான் என்னைத் திட்ட வசதி.
ஆனாலும் நாலு என்றாள்.

துண்டை எடுத்துக் கிழித்தேன். நாலு என்று எழுதினேன்.
விலையின் இடத்தை வெறுமையாக விட்டேன், இன்றும் அப்படியே.
திரைக்கான காசை நான் கொடுத்தேன்.
அவள் நன்றி சொல்லவில்லை,
சொல்ல அதில் எதுவுமில்லை.

றிஸ்கான் புதுத் திரைமேல் ஒட்டுத்தாள் ஒட்டினான்.
மூலையில் ஒரு காற்றுக் குமிழி.
“அது ரெண்டு நாளையில தானாப் போயிரும்” என்றான்.
அவள் பதில் சொல்லாமல்
போனை விளிம்பில் பிடித்து
விளக்குக்கு நேரே
மெல்லச் சாய்த்தாள்.